மறந்துவிடுகிறவன்

அவனுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவன் கோபிக்க மாட்டான். வாசித்துவிட்டு ஒருமுறை சிரிப்பான், பிறகு மறந்துவிடுவான். நான் கண்ட மனிதர்களில் அவனளவுக்கு மறக்கத் தெரிந்தவன் வேறு யாருமில்லை. நான் அவன்மேல் பொறாமைப்பட்டதும் அதற்காகத்தான். அவனுடைய கால்களுக்காகவும் கைகளுக்காகவும் பொறாமைப்பட்டவர்கள் எங்கள் அணியில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய பொறாமை அவன் முழங்காலோடு முடிந்துபோனது. என்னுடையது முடியவில்லை.

மெல்பேர்னின் தென்கிழக்கே நாங்கள் படித்த பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துக்கென்று ஒரு கழகம் இருந்தது. பெயர்தான் கால்பந்து, கையால் எறிந்து கையால் பிடிக்கிற விளையாட்டு. தலைக்கும் தோளுக்கும் கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் மோதி விழுத்துவோம். நகரம் முழுக்க ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில் பைத்தியமாக இருந்தது. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள் விளையாடுகிறவர்களின் காதலிகளும் அவர்களுடைய நாய்களும்தான். அம்மா இதற்கு 'இரும்புத்தொப்பி விளையாட்டு' என்று பெயர் வைத்திருந்தார். ஒரேயொரு முறை பார்க்க வந்தார். என்னை ஒருவன் மோதியதும் முகத்தைப் பொத்திக்கொண்டவர், அதற்குப் பிறகு வரவேயில்லை.

அவன் சிட்னிப் பையன். பிளாக்டவுனில் பிறந்து வளர்ந்து, படிக்க மெல்பேர்னுக்கு வந்தவன். அவனையும் என்னையும் விட்டால் அணியில் தமிழர் இல்லை. அவன் வைட் ரிஸீவர். அதாவது, கூட்டத்தை விட்டு விலகி மைதானத்தின் ஓரத்தில் தனியே நிற்பவன். பந்து கைமாறியதும், முன்கூட்டியே பேசிவைத்த பாதையில் ஓடுவான். எறிபவன் அவன் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு எறிவான். பந்தும் அவனும் ஒன்றாக அங்கே போய்ச் சேர வேண்டும். நான் கோர்னர் பேக். அவனைப் போன்றவர்களை ஒட்டிக்கொண்டு ஓடி, பந்து கைக்குப் போகாமல் தடுப்பவன். ஒரே அணி என்பதால் ஆட்ட நாட்களில் நாங்கள் எதிரெதிரே நிற்பதில்லை. ஆனால் பயிற்சியில் கிழமைக்குக் கிழமை அவனைத் தடுத்தது நான்தான். அவன் கெட்டிக்காரன் ஆனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை ஒருவரும் சொன்னதில்லை.

முதல் வருடக் குளிர்காலத்தில் ஒரு பின்னேரம். மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. அவன் அடுத்தடுத்துப் பந்துகளை நழுவவிட்டான். ஒன்று நெஞ்சில் பட்டு விழுந்தது. சின்னப் பிள்ளையும் பிடித்திருக்கும். எங்கள் பயிற்றுநர் ஒரு சமோவா மனிதர், பகலில் குழாய் பொருத்தும் வேலை செய்பவர். தொண்டை கிழியக் கத்தினார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அவன் வாய்க்குள் போன சேற்றைத் துப்பிவிட்டு என்னருகே வந்து நின்றான்.

"மச்சான், உங்கட வீட்டில இண்டைக்கு என்ன சாப்பாடு?"

"டேய், கோச் உன்னைத்தான் ஏசுறார்."

"ஓம், ஏசி முடிச்சிட்டார். என்ன கறி?"

அடுத்த பந்தை என் தலைக்கு மேலே ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்தான். பயிற்றுநர் எல்லோரையும் கூப்பிட்டு வட்டமாக நிற்கவைத்தார். போன பந்தை நினைத்துக்கொண்டிருப்பவனால் வருகிற பந்தைப் பிடிக்க முடியாது, இவனைப் பார்த்துப் படியுங்கள் என்றார். பிறகு என்னைக் காட்டி, இவனுக்குப் போன மாதம் விட்ட பந்துகூட ஞாபகம் இருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

அவன் மறதிக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. ஒருநாள் பந்துக்காக இருவரும் ஒன்றாகத் துள்ளியதில் அவன் முழங்கை என் தோளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அவன்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். காரை ஓட்டிக்கொண்டே அழுதான். எக்ஸ்ரே எடுக்கும்வரை வெளியே நின்று அழுதான். நான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது. அடுத்த கிழமை நூலகத்தில் கண்டபோது என் கை கழுத்துக் கட்டில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னடா நடந்தது?" என்று கேட்டான். நடிக்கவில்லை. ஒரு கணம் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். பிறகு அவனுக்கே ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த எலும்பு இப்போதும் மழைக்காலத்தில் என்னை எழுப்பிவிடும்.

டண்டினொங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவன் வரத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசிச் சண்டையில் நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தில் அகப்பட்டிருந்தோம். வெளியேறும்போது சனத்துக்குள் பிரிந்துவிட்டோம். அம்மாவும் நானும் ஒரு பக்கம், அப்பாவும் ஐந்து வயதுத் தங்கச்சியும் ஒரு பக்கம். பிறகு முகாமில் அப்பா எங்களைத் தேடிக் கண்டுபிடித்து வந்தபோது தனியாக வந்தார். என்ன நடந்தது என்று அம்மா கேட்கவில்லை. அப்பா சொல்லவில்லை. படகேறி இந்த நாட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். அப்பா கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார், வந்து குளித்தார், சாப்பிட்டார், கதிரையில் இருந்தார். வீட்டில் மூன்று பேரும் ஒரு கேள்வியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம், அது தட்டுப்பட்டுவிடாமல்.

வீட்டுக்கு வரும் எந்தத் தமிழரையும் அப்பா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அவனையும் கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

"பிளாக்டவுன், அங்கிள்."

"இல்லையப்பன், ஊர்?"

"அதுதான் அங்கிள் ஊர். வேற எனக்குத் தெரியாது."

நான் சங்கடப்பட்டேன். அப்பாவின் முகத்தில் வேறொன்று தெரிந்தது. மற்றவர்கள் ஊரைச் சொன்னால் பிறகு யார் எப்போது செத்தார்கள் என்ற கதை வரும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்ப்பார்கள். இவனிடம் அப்படி எதுவும் இல்லை. அப்பா கதிரையில் சாய்ந்து, பிளாக்டவுனில் மீன் எங்கே வாங்குவார்கள் என்று கேட்டார். அதற்கு அவன் சொன்ன நீண்ட, முழுப் பிழையான பதிலுக்கு அப்பா சிரித்தார். குசினிக்குள் இருந்த அம்மா அகப்பையோடு எட்டிப் பார்த்தார். அப்பாவின் சிரிப்பு எனக்கே பரிச்சயமில்லாத சத்தமாக இருந்தது. அதை எழுப்ப நான் எத்தனையோ வருடமாக நல்ல பிள்ளையாக இருந்து, நல்ல புள்ளிகள் எடுத்து, கிடைக்காமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைப் பார்த்ததும் கேட்பது, "தம்பி வரேல்லையோ?" அவன் தன் பையை எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போவான், அம்மா உடுப்பைத் தோய்த்து மடித்து வைத்திருப்பார். என் பை வாசலில் நாறிக்கொண்டு கிடக்கும்.

அவனுடைய அப்பா அவன் சின்னவனாக இருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். தாய் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து அவனை வளர்த்தார். அம்மா ஒருநாள் அதைப் பற்றி இரக்கத்தோடு கேட்டபோது, அவன் புட்டைக் குழைத்தபடி, "அவர் போயிட்டார் அன்ரி. அது பழைய கதை" என்றான். குரலில் ஒன்றுமில்லை. நான் கூர்ந்து கவனித்தேன். எங்காவது ஒரு நடுக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சம்பல் இன்னும் கொஞ்சம் கேட்டான்.

மூன்றாம் வருடம் அவனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் விளையாடிக்கொண்டே படிக்க இடம் கிடைத்தது. இங்கே விளையாடுகிற எல்லோருக்கும் அந்தக் கனவு உண்டு. விளையாடிய காட்சிகளை வெட்டி ஒட்டி அங்கே அனுப்புவார்கள். பெரும்பாலும் பதிலே வராது. நானும் அனுப்பினேன், பதில் வரவில்லை. அவனுக்கு, சுற்றிவரச் சோளக்காடு உள்ள ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்தது. அவன் அனுப்பிய வீடியோவின் முதல் காட்சி, எங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து விளையாடிய ஒரு பயிற்சி ஆட்டம். அவன் உள்ளே திரும்புவதுபோல் காட்டி வெளியே பாய்கிறான். தடுக்க வந்தவன் கால் பின்னி விழுகிறான். பந்து அவன் கையில். அந்த விழுந்தவன் நான். என் முதுகின் மேலேறித்தான் அமெரிக்காவுக்குப் போனான் என்று அந்த நாட்களில் என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. நியாயமில்லாத பேச்சு என்று எனக்கே தெரியும்.

அவன் புறப்பட்ட நாளில் எனக்குப் பரீட்சை. அப்பா வேலைக்கு லீவு போட்டு அவனை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். டண்டினொங்கிலிருந்து அது நீண்ட ஓட்டம், போக்குவரத்து நெரிசல் என்றால் இன்னும் நீளும். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா குசினியில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் குசினிக்குள் போய் நான் கண்டதில்லை. செதில் தெறித்த கையோடு திரும்பி, பரீட்சை எப்படி என்று கேட்டார். அவன் இல்லாதது வீட்டுக்கு நல்லது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் சனிக்கிழமை நடக்கும் ஆட்டம் எங்களுக்கு ஞாயிறு காலையில் வரும். முதல் வருடம் அவனை மைதானத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கிலேயே இருத்தி வைத்திருந்தார்கள். இரண்டாம் வருடத்தில் இறக்கினார்கள். என் ஆட்டத்துக்கு ஒருமுறை வந்து முகத்தைப் பொத்திய அம்மா, தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் இருப்பார். "அந்த நிண்டுகொண்டிருக்கிறது தம்பியே?" என்று அப்பா கேட்பார். நான்தான் சட்டங்களை விளக்க வேண்டும். அவன் நன்றாக விளையாடினான். நிறைய ஓடினான், அவனுக்குப் பந்து வராத ஆட்டங்களிலும் ஓடினான்.

ஒருநாள் ஆட்டம் முடியும் தறுவாயில், வென்றுதரும் பந்து அவனிடம் வந்தது. பக்கத்தில் எவருமில்லை. இரண்டு கைக்குள்ளும் வந்த பந்து நழுவி விழுந்தது. அத்தோடு ஆட்டம் போனது. அம்மா "ஐயோ தம்பி" என்றார். இணையத்தில் யார் யாரோ அவனை நாட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி எழுதினார்கள். எனக்கு அன்று காலைச் சாப்பாடு ருசித்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் பொறுத்து ஆறுதல் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். இப்போதாவது அவன் குரல் உடைந்திருக்கும், என்னைப் போல ஒருநாளாவது இருப்பான் என்று நினைத்தேன்.

"மச்சான், அந்தப் பந்து..." என்று தொடங்கினேன்.

"எது? ஓ, அதோ. அது போயிட்டுது. அங்கிளுக்குக் காய்ச்சல் எண்டு அன்ரி சொன்னவ, இப்ப எப்பிடி?"

அடுத்த கிழமை அதே மாதிரிப் பந்தை அவனுக்கே எறிந்தார்கள். பிடித்தான்.

அங்கே மூன்றாம் வருடத் தொடக்கத்தில், யாரும் மோதாமலே, திரும்புகையில் அவன் முழங்கால் போனது. வெட்டித் தைத்தார்கள். பழைய வேகம் வரவில்லை. அந்தச் செய்தி கேட்டபோது எனக்குள் ஏதோ இளகியது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்; வேறு சொல்லும் என்னிடம் இல்லை. அவன் கெந்திக்கெந்திப் படிப்பை முடித்துக்கொண்டு சிட்னிக்கே திரும்பி வந்தான். பிளாக்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை. போய்ப் பார்த்தேன். குட்டிப் பெண்பிள்ளைகள் வலைப்பந்தை அவன் தலையில் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குக் கோவம் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஆரோட கோவிக்கிறது?" என்றான்.

என்னிடம் அப்போது நல்ல வேலை இருந்தது. மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில் களஞ்சியங்களுக்குத் திட்டமிடும் பொறியியலாளன். அங்கேயே புது வீடு கட்டி அம்மாவையும் அப்பாவையும் கூட்டி வந்திருந்தேன். அவனிடம் பொறாமைப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. அப்படியிருந்தும் திரும்பி வரும் விமானத்தில் பொறாமையோடுதான் வந்தேன்.

போன வருடம் அப்பா ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு பின்னேரம், ஜன்னலால் வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு பக்கம் இருந்தேன், அம்மா மறுபக்கம் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தத் தம்பிட்ட ஒருக்காச் சொன்னனான். எயார்போர்ட்டுக்குப் போகேக்க."

"என்ன அப்பா?"

"பிள்ளையின்ர கதை."

அம்மாவின் கை நின்றது. எங்கள் வீட்டில் 'பிள்ளை' என்றால் ஒருத்திதான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத இடத்தில், கேட்கக் கூடாத குரலில் கேட்டுவிட்டேன்.

"உனக்குச் சொன்னா நீ சாகுமட்டும் சுமந்துகொண்டு திரிவாய். அவன் மறந்திடுவான். அதுக்குத்தான் அவனிட்டச் சொன்னனான்."

அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவன் காலை விமானத்தில் வந்தான். வந்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் சாப்பாடு போட்டான். ஆட்கள் போன பிறகு கராஜில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நான் நேராகவே கேட்டேன்.

"அப்பா உன்னட்ட என்ர தங்கச்சியைப் பற்றிச் சொன்னவராம்."

அவன் ஒரு கதிரையை மற்றதன்மேல் வைத்தான். "எப்ப?"

"நீ அமெரிக்கா போகேக்க. கார்ல."

"அது எவ்வளவு காலம் மச்சான். ஞாபகமில்லையடா."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே ஞாபகமில்லை. ஸொரி மச்சான்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. என் அப்பாவின் வாழ்நாளில் ஒரேயொருமுறை திறந்த வாய், இவனுக்கு முன்னால் திறந்திருக்கிறது. இவன் அதையும் மற்றவற்றோடு எங்கோ போட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

குசினிக்குள் போனோம். அம்மா கழுவிய பாத்திரங்களுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, ஒரு கதை கேக்கோணும். பிள்ளை தண்ணி கேட்டவளோ?"

அத்தனை வருடமும் அம்மா வைத்திருந்த கேள்வி அதுதான் என்று எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

அவன் யோசிக்கவில்லை. "இல்லை அன்ரி" என்றான்.

"அழுதவளோ?"

"இல்லை அன்ரி. அங்கிளின்ர தோளில நித்திரை. நித்திரையிலதான். அங்கிளுக்கே பிறகுதான் தெரிஞ்சதாம்."

அம்மா குழாயைப் பூட்டினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "அப்ப சரி" என்றார். வடைகளை ஒரு டப்பாவில் போட்டு, விமானத்தில் சாப்பிடு என்று அவனிடம் கொடுத்தார்.

நான்தான் அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பெருந்தெருவில் ஏறினோம். பிறகு கேட்டேன்.

"அம்மாவுக்குச் சொன்னது உண்மையோ?"

அவன் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கேள்விக்கும் உடனே ஏதாவது சொல்லிவிடுகிறவன், முதல் தடவையாக நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தான்.

"உனக்கு என்னடா வேணும்?" என்றான் கடைசியில். "அன்ரி நிம்மதியா இருக்கட்டும். விடு."

"எனக்குத் தெரியோணும்."

"அங்கிள் உனக்குச் சொல்லேல்லை மச்சான். எனக்குத்தான் சொன்னவர்."

கடுமையாகச் சொல்லவில்லை. மிக மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னான். இறங்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு கணம் பார்த்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. பிறகு, முழங்கால் போன காலைக் கொஞ்சம் இழுத்தபடி கூட்டத்துக்குள் போனான். நான் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியிருந்தேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அந்தப் பையன் எதையாவது உண்மையில் மறந்திருக்கிறானா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். சேற்றில் விட்ட பந்தை, வீட்டைவிட்டுப் போன தகப்பனை, என் எலும்பை. எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துதான் அந்தக் கதையை அவனிடம் கொடுத்தாரோ.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அம்மா முன்னறைச் சோஃபாவில் வாய் திறந்தபடி நித்திரையாகிக் கிடந்தார். பகலில் அம்மா படுத்து நான் கண்டதில்லை. அயலட்டத்தில் யாரோ புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கும் அவர் எழும்பவில்லை. நான் எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து அவரைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நித்திரையைக் கொடுத்தவன் நானாக இருந்திருக்க வேண்டும்.